கல்லைக் காட்டும் வழிகாட்டி: தஞ்சைப் பயணம் குறித்து வாசகர்கள் கேட்டவை

விடுமுறைக்குத் தஞ்சாவூர் செல்லத் திட்டமிடும் வாசகர்கள் பலர், தங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு வழிகாட்டியை ஒரு நாள் முழுவதும் அமர்த்திக்கொள்வது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு நாள் பயணமாகத் தஞ்சைக்கு வருகிறோம். தமிழ் படிக்கத் தெரிந்த நமக்குத் தமிழ்நாட்டுக் கோயிலைப் பார்க்க வழிகாட்டி எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். உண்மையிலேயே அவசியந்தானா?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. சாமி கும்பிடுவதற்கு வழிகாட்டி தேவையில்லை; பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்தக் கோயிலைப் பார்ப்பதற்கு, அதுவும் முதல் முறை பார்ப்பதற்கு, விவரம் தெரிந்த ஒருவர் உடன் இருப்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மராட்டியர் காலத்து வெளிவாசலைக் கடந்ததும் கேரளாந்தகன் திருவாசல், அதற்கு அடுத்து இராசராசன் திருவாசல் என்று இரண்டு கோபுரங்கள் வருகின்றன. பெரும்பாலோர் இவ்விரண்டையும் கடக்க இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. எதிரே உயர்ந்து நிற்கும் விமானத்திலேயே கண் போய்விடுகிறது. இராசராசன் திருவாசலில் நிற்கும் பிரமாண்டமான வாயிற்காவலர் சிற்பத்தின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே ஒரு பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையையே விழுங்குகிற பாம்பு எத்தனை பெரியதாக இருக்க வேண்டும் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். அந்தப் பாம்போ காவலருக்கு முன் ஒரு சிறு புழுவைப் போலத் தெரிகிறது. அப்படியானால் காவலர் எத்தனை பெரியவர்? அவரோ வியப்பைக் காட்டும் முத்திரையோடு, உள்ளே இருப்பவரின் பெருமையை அளக்க முடியாது என்பதுபோல் நிற்கிறார். ஒரு சிற்பி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லிவைத்த இந்தக் கணக்கு, யாரேனும் ஒருவர் விரலால் சுட்டிக் காட்டும்வரை நம் கண்ணில் படுவதே இல்லை. அதே திருவாசலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயர் கதை, அருச்சுனன் பாசுபதம் பெற்ற கதை முதலியவை சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. குழந்தைகளின் கண் உயரத்திலேயே இருப்பதால் அவர்கள் பெரியவர்களுக்கு முன்பாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதாதா என்று உங்கள் கணவர் கேட்டதற்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. எழுத்துகள் தமிழ்தான், ஆனால் புள்ளி வைக்காத மெய்யெழுத்துகளும், வடமொழிச் சொற்களுக்காக இடையில் கலந்து வரும் கிரந்த எழுத்துகளும் நம்மைத் திகைக்க வைத்துவிடும். விவரம் தெரிந்தவர் நான்கு சொற்களைப் படித்துக் காட்டினால், ஐந்தாவது சொல்லை உங்கள் பிள்ளைகளே கூட்டிப் படிக்கத் தொடங்குவார்கள். தாம் எடுப்பித்த திருக்கற்றளிக்கு, அதாவது கல்லால் கட்டிய கோயிலுக்கு, ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று இராசராச சோழன் வாய்மொழிந்த ஆணை அங்கே இருக்கிறது. தன் பெயருக்கு அடுத்தபடியாகத் தமக்கை குந்தவையை ‘அக்கன்’ என்று வீட்டில் அழைப்பதுபோலவே குறிப்பிட்டு, அதன் பின்னர் பெயர் தெரியாத எளிய கொடையாளரையும் ‘மற்றும் குடுத்தார்’ என்று சேர்த்துக்கொண்ட அந்த ஒரு வரிக்காகவே ஒருவர் தஞ்சைக்கு வரலாம் என்பேன். கோயிலில் பணிபுரிவதற்காகப் பல ஊர்களிலிருந்தும் வரவழைக்கப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களும், அவர்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று நிர்ணயிக்கப்பட்ட பங்கும் கல்லில் இருக்கின்றன. கட்டிய தலைமைத் தச்சரான வீரசோழன் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது. இவற்றையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாந்தான். அந்தக் கல்லின் முன் நின்றுகொண்டு, இதோ இந்த எழுத்து என்று ஒருவர் காட்டக் கேட்பது வேறு.

எனவே, வழிகாட்டி இல்லாமலும் போகலாம். ஆனால் அமர்த்திக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. கல்வெட்டைக் கையால் தடவிப் பார்க்க மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள்.

உரிமம் பெற்ற வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது? கட்டணத்தை எப்படிப் பேசிக்கொள்வது?
– வாசகர், திருநெல்வேலி

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் வழிகாட்டியாகப் பணிபுரிய உரிமம் வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகமும் மாநிலச் சுற்றுலாத் துறையும் பயிற்சி அளித்து அடையாள அட்டை வழங்குகின்றன. புகைப்படத்துடன் கூடிய அந்த அட்டையைக் காட்டும்படி கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. உண்மையான வழிகாட்டி நீங்கள் கேட்பதற்கு முன்பே கழுத்தில் அணிந்திருப்பார். கோயில் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே ஓடிவந்து பேரம் பேசுகிறவரை அந்த அவசரத்தில் அமர்த்திக்கொள்ளாமல், தஞ்சாவூரில் உள்ள தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் தகவல் அலுவலகத்திலோ, தங்கும் விடுதியிலோ ஓரிரு நாள் முன்னதாகவே விசாரித்துத் தொலைபேசியில் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. ஐந்து நிமிடம் பேசினாலே அவருக்கு எதில் ஈடுபாடு என்பது புரிந்துவிடும். நான் பேசும்போது கல்வெட்டுகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். அதற்கு உற்சாகமாகப் பதில் சொல்பவரோடு நாள் நன்றாகப் போகும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, அரை நாள் என்பது நான்கு மணி நேரம், முழு நாள் என்பது எட்டு மணி நேரம் என்பதே பொதுவான கணக்கு. ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை கூடும். தொகை ஒரு நபருக்கா, குழு முழுவதற்குமா, மதிய உணவு யார் பொறுப்பு, நேரம் கூடினால் என்ன கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே பேசி, குறுஞ்செய்தியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். வண்டிக்காரரின் கணக்கு தனி. அவருக்கு வாடகையோடு பேட்டாவும் உண்டு. தஞ்சை நகருக்குள் மட்டுமே சுற்றுவதாக இருந்தால் நாள் முழுவதற்கும் காரை நிறுத்தி வைத்துக்கொள்வது வீண் செலவு. கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு, ஆட்டோவே போதும்.

சென்ற ஆண்டு எங்களுடன் வந்த வழிகாட்டி, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் சொன்னார். பன்னிரண்டு வயதான என் மகன், நிழல் இதோ விழுந்திருக்கிறதே என்று காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. அவனைக் கண்டித்தேன். நான் செய்தது சரியா?
– வாசகர், சேலம்

உங்கள் மகன் பார்த்ததுதான் சரி. அவனைக் கண்டித்ததற்கு ஈடாக, அடுத்த முறை அவனையே முன்னால் விட்டு அழைத்துச் செல்லுங்கள்.

சுமார் 60 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டுமானத்துக்கு நிழல் இல்லாமல் இருக்க வழியே இல்லை. காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நீண்ட நிழல் விழுவதை யாரும் பார்க்கலாம். நண்பகலில் விழாது என்று சிலர் திருத்திச் சொல்வார்கள். அதுவும் எல்லா நாளுக்கும் பொருந்தாது. சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஆகும். அந்நாட்களையொட்டிய நண்பகல்களில் விமானத்தின் நிழல் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அடித்தளம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர்தான். மார்கழி மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நடுப்பகலிலேகூட உச்சியின் நிழல் வடக்குப் பிராகாரத் தரையில், அடித்தளத்தைத் தாண்டி இருபது மீட்டருக்கும் அப்பால் போய் விழும். உயரத்தையும் சூரியனின் கோணத்தையும் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது உங்கள் மகனுக்கு நல்ல விடுமுறைப் பாடமாக இருக்கும்.

உச்சிச் சிகரமும் ஒற்றைக் கல் அன்று, பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இதனால் கோயிலின் பெருமை சிறிதும் குறைந்துவிடவில்லை. பல கற்களை அத்தனை உயரத்தில் பிசகாமல் பொருத்தி, உட்கூடாக எழும்பும் விமானத்தின் மேல் நிறுத்துவது, ஒரு கல்லைத் தூக்கி வைப்பதைவிடச் சிறிய வேலை என்று நான் நினைக்கவில்லை. இன்னொன்று, மண்டபத்தில் வீற்றிருக்கும் அந்தப் பெரிய நந்தி சோழர் காலத்தது அன்று, நாயக்கர் காலத்தது. அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. முருகன் சந்நிதி நாயக்கருடையது. எல்லாவற்றையும் இராசராசன் கணக்கில் எழுதிவிடும் வழிகாட்டி, பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என்ற மற்ற மூன்று மரபுகளும் அந்தக் கோயிலை எத்தனை அக்கறையோடு பேணின என்ற கதையை நமக்குச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். அதுதான் எனக்கு வருத்தம்.

வழிகாட்டிகளையும் முழுவதுமாகக் குறை சொல்ல முடியாது. அதிசயம் சொன்னால்தான் கூட்டம் நிற்கும் என்று நாமே அவர்களைப் பழக்கியிருக்கிறோம். ‘இது எந்தக் காலத்தது, அதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?’ என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். படித்தவராக இருந்தால் அவர் முகம் மலரும். இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டில், 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்காகச் செப்புக் குடம் அளிக்கப்பட்டது என்ற கல்வெட்டைக் காட்டி, 1010ஆம் ஆண்டு என்று எப்படிக் கணித்தார்கள் என்பதையும் விளக்குவார். எந்த அதிசயக் கதையும் இதற்கு ஈடாகாது.

ஒரே நாளில் தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் காட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முடியுமா?
– வாசகி, சென்னை

கார் போய்வர முடியும். நீங்கள் பார்த்ததாகாது. கங்கைகொண்ட சோழபுரம் தஞ்சையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தாராசுரம் கும்பகோணத்துக்கு அருகில், 35 கிலோமீட்டர் அளவில் உள்ளது. யுனெஸ்கோ 1987இல் தஞ்சைக் கோயிலையும், 2004இல் மற்ற இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலில் வைத்திருப்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத்தில் அறுபத்துமூவர் வரலாறு உள்ளங்கை அளவுச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மட்டுமே அரை நாள் வேண்டும். கும்பகோணத்தில் ஓர் இரவு தங்கி இரண்டாம் நாள் அவ்விரண்டையும் பாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் தஞ்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. வெயிலில் அவரால் நடக்க இயலாது. நாளை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம்?
– வாசகர், மதுரை

அம்மாவை முன்னிட்டு வகுக்கும் திட்டமே வீட்டில் எல்லாருக்கும் ஏற்ற திட்டமாக அமைந்துவிடும். வழிகாட்டியைக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள். பலர் ஒன்பது மணி என்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். பெரிய கோயிலின் பிராகாரம் மிகப் பரந்தது, கல் பாவியது, செருப்பில்லாமல் நடக்க வேண்டியது. பத்து மணிக்கு மேல் அந்தத் தரை காலைச் சுட்டுவிடும். காலைப் பொழுதில் முதலில் தரிசனம், பிறகு சுற்று என்று வைத்துக்கொண்டால் பத்து மணிக்குள் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். சந்நிதிக்கு ஏறும் படிகள் உயரமானவை, அம்மாவை இருபுறமும் தாங்கிப் பிடித்து மெதுவாக ஏற்றுங்கள். பிராகாரத்தைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையில் நிழல் உண்டு. ஒவ்வொரு முறை விளக்கம் சொல்லும்போதும் அம்மா உட்காரும்படியான இடத்தில் நின்று பேசுமாறு வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்கள் பொதுவாகப் பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் அவை மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அவற்றின் படங்களைக் கோயில் வளாகத்திலுள்ள தொல்லியல் துறைக் காட்சிக்கூடத்தில் காணலாம்.

நடுப்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பார்கள். அந்த இடைவெளியை அரண்மனைக்குள் கழிப்பதே அறிவு. கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இடபவாகனர் செப்புத் திருமேனிக்கு முன் அம்மாவை உட்காரவைத்துவிடுங்கள். 1011ஆம் ஆண்டில் செய்விக்கப்பட்ட சிவன் அவர். அடுத்த ஆண்டில் உமை வந்து சேர்ந்தாள். அவர் சாய்ந்துகொண்டிருந்த காளை இன்று இல்லை. காளை இல்லாமலே, மடக்கிய அந்த வலக்கையும், ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்த நிலையும் அது அங்கே நிற்பதாகவே நம்மை நம்பவைத்துவிடுகின்றன. சடை முழுவதையும் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, அதில் பாம்புகளைப் பின்னியிருக்கும் அழகைப் பக்கவாட்டிலிருந்தும் பின்புறமிருந்தும் பாருங்கள். முன்னால் மட்டும் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுபவர்கள் பாதியை இழந்துவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு முறை போகும்போதும் அங்கே அரை மணி நேரமாவது நின்றுவிடுகிறேன்.

சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளை எடுத்துப் புரட்டிப் பார்க்க இயலாது. காட்சிக்கூடம் மட்டுமே பார்வையாளருக்கு உரியது. இரண்டாம் சரபோஜி மன்னர் எவ்வளவு பரந்த அறிவு வேட்கையோடு நூல்களைத் திரட்டினார் என்பதை உணர அதுவே போதும். நூலகத்தின் விடுமுறை நாளை முந்தைய தினமே வழிகாட்டியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வழிகாட்டி எங்களை ஓர் ஓவியக் கடைக்கு அழைத்துப் போய், வாங்காமல் வெளியே வரச் சங்கடமாக்கிவிட்டார். இதை எப்படித் தவிர்ப்பது?
– வாசகி, பெங்களூரு

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் குடும்பத்தோடு சென்றபோது, ஐந்து நிமிடம் என்று சொல்லி அழைத்துப் போன கடையில் ஒன்றரை மணி நேரம் கழிந்து, அதன் விளைவாக அன்று கலைக்கூடத்தையே பார்க்க முடியாமல் போயிற்று. கடைக்காரர் தரும் கமிஷனை நம்பியே சிலர் கட்டணத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள். ஆகவே அமர்த்தும்போதே, ‘கடைக்கு வேண்டாம், அதற்காக உங்கள் கட்டணத்தில் நான் பேரம் பேசமாட்டேன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை மறப்பது நியாயமாகாது.

ஆனால் தஞ்சைக்கு வந்து கைவினையைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். கடைக்குப் பதிலாக, வேலை நடக்கும் பட்டறைக்கு அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்த ‘மக்கு’ என்ற கலவையைத் தூரிகையால் மேடு மேடாக ஏற்றி, அது காய்ந்ததும் கற்களைப் பதித்து, தங்க ரேக்கை மெல்ல ஒட்டி, நகத்தால் அழுத்தி மடிப்புகளை எடுப்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துவிட்டால், அதன் பிறகு எந்தக் கடையிலும் அசலையும் போலியையும் ஓரளவு உங்களாலேயே பிரித்தறிய முடியும். பலா மரத்தைக் குடைந்து வீணை செய்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். தஞ்சை ஓவியம், வீணை, தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. பட்டறையில் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்களுடைய வேலை நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு ஏதேனும் ஒரு தொகை கொடுத்துவிட்டு வாருங்கள்.

முழு நாள் கட்டணம் கொடுத்துவிட்டதால், ரயில் ஏறும்வரை வழிகாட்டியை உடன் வைத்துக்கொள்வதுதானே முறை?
– வாசகர், ஈரோடு

அவசியமில்லை. நான்கு மணியளவில் அவருக்குரிய தொகையைக் குறைக்காமல் கொடுத்து, மனம் நிறைந்திருந்தால் கூடுதலாகவும் சேர்த்து, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். இரவு ரயிலாக இருந்தால் மீண்டும் பெரிய கோயிலுக்கே போங்கள். காலையில் கேட்டவற்றை இப்போது யாரும் பேசாத அமைதியில் நீங்களாகவே ஒருமுறை தேடிப் பார்க்கலாம்: அந்தப் பாம்பு, அந்த ‘அக்கன்’ என்ற சொல். ஐந்து மணிக்கு மேல் கல் மெல்லப் பொன்னிறமாக மாறும். வடக்குப் பிராகாரத்தில், சண்டிகேசுவரர் சந்நிதிக்கு அருகில் இடம் பார்த்து உட்காருங்கள். விமானத்தின் நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.